எட்டாத பாறை இல்லாத கரையிலிருந்து ஒரு மடல்

தனுஷ்கோடிக்குக் கேமராவோடு வரும் பறவை நோக்கர்களுக்கும் பயணிகளுக்கும்,

வணக்கம்.

செங்குத்துப் பாறைகள் நிற்கும் கடற்கரைகளில் கடற்பறவைகள் மனிதக் கால் எட்டாத விளிம்புகளில் முட்டையிடுகின்றன. காண வருபவரைப் பாறையே தடுத்து நிறுத்திவிடுகிறது. இராமநாதபுரம் கரைக்கு அந்தக் காவல் இல்லை. பனையும் உடைமரமும் சவுக்கும் நிற்கும் மணல்மேட்டைத் தாண்டினால் கணுக்கால் அளவு நீர், சேறு, வெட்டவெளி. இங்கே பறவைக்கு உள்ள ஒரே அரண் நாம் விட்டு நிற்கும் தூரம். அதைக் குறைக்க வேண்டாம் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கடந்த மாசி மாதத்தில், கோதண்டராமர் கோயிலுக்குச் செல்லும் சாலையோரம் நின்று பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரியும் இறக்கையின் செந்நிறத்தைப் படமெடுக்க வேண்டி ஒருவர் நீரில் இறங்கிக் கூட்டத்தை நோக்கி நேராக நடந்தார். கூட்டம் முழுவதும் எழுந்து போயிற்று. அவருக்குப் படம் கிடைத்தது. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, அலகின் உள்ளோரச் சீப்பில் தங்கும் நுண்ணிய இரையை மணிக்கணக்கில் வடித்துத் தின்னும் பறவை அது. நீரின்மேல் சிறிது தொலைவு ஓடித்தான் அதனால் மேலெழ முடியும். இப்படி ஒவ்வொரு முறை எழும்போதும் மேய்ச்சலும் கெடுகிறது, சேர்த்த வலுவும் செலவாகிறது. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு இங்கே ஏறத்தாழ 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஆயினும் ஒவ்வொரு கேமராவுக்குப் பின்னாலும் ஒரு வனக்காவலர் நிற்க இயலாது.

பூநாரையாவது தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். எனக்கு அதைவிடக் கவலை தருவது அனுமன் உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய இச்சிறு பறவை, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் தனி இனம் என்று 2023இல்தான் மீண்டும் நிறுவப்பட்டது. திறந்த மணலில் ஒரு சிறு குழியே இதன் கூடு. மணல் நிறத்தில் புள்ளியிட்ட முட்டைகள் காலடியில் கிடந்தாலும் தெரியாது. நாம் நெருங்கியதும் தாய் எழுந்து ஓடிவிடும். நாம் அங்கே நிற்கும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் வேகும். சிறகு ஒடிந்ததுபோல் மணலில் இழுத்துக்கொண்டு ஓடும் பறவையைக் கண்டால் அருகில் கூடு இருக்கிறது என்று பொருள். அதைப் பின்தொடராமல், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். 2017 முதல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. பயணிகள் மணலில் வண்டியை இறக்க வேண்டிய தேவையே இல்லை. ட்ரோனையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

பறவைகளை அருகில் காண விரும்புவோர் இதே மாவட்டத்தில் உள்ள காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குச் செல்லலாம். மரங்களின் மறைவில், ஊர்மக்களே செலுத்தும் படகில் அமைதியாக அமர்ந்து பார்க்கலாம்.

வரும் பனிக்காலத்தில், ஞாயிறு காலைகளில், அதே கோயில் சாலையோரம் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியோடு நிற்பேன். அதன் வழியாகப் பார்த்தால் பூநாரையின் கண்ணின் மஞ்சள்கூடத் தெரியும். நீரில் இறங்கும் எண்ணத்தோடு வருபவர் முதலில் அதில் ஒருமுறை பார்க்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
இராமேசுவரம் தீவின் பறவை நோக்கர் ஒருவர்