ஊதா நிறப் படிவம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இந்த முறை பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான். இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலி ஒன்றும் இல்லை. ஆனால் மகள் ஒரு வாரத்துக்கு போனையும் புத்தகத்தையும் என் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டாள். நான் பிள்ளை வளர்த்த லட்சணம் இப்போது எனக்கே திரும்பி வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை கேள். புரை விழுந்த கண்ணின் லென்ஸ் மெல்ல மெல்ல மஞ்சளாகிவிடுமாம். அது நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. இப்போது புது லென்ஸ் வைத்த இடது கண்ணால் பார்த்தால் வானம் பளீரென்று நீலம். இன்னும் ஆபரேஷன் ஆகாத வலது கண்ணால் பார்த்தால் அதே வானம் பழைய நோட்டுப் புத்தகத் தாள் மாதிரி. நாள் முழுக்க ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நான் கண்ணடிக்கிறேன் என்று சிரிக்கிறார்கள்.

அம்மா இப்போது எழுந்து நடக்கிறார்களா? வாக்கர் பிடிக்க வெட்கப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விடுதித் தோழிகள் சந்திப்பை நீ தலையில் போட்டுக்கொண்டது நல்ல காரியம். வாட்ஸ்அப் குழுவில் 'யார் யார் வருகிறீர்கள்' என்று நீ கேட்டதும், அதற்கு முப்பது கைகூப்பல் படமும் இரண்டு பிறந்தநாள் வாழ்த்தும் வந்ததும் பார்த்தேன். ஒரே கேள்வி என்றால் வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வசதி இருக்கிறது, 12 விடைகள் வரை கொடுக்கலாம். உனக்கோ தேதி வேண்டும், எத்தனை பேர் என்று வேண்டும், தங்க இடம் தேவையா, யாருக்கு மாடிப்படி ஏற முடியாது, இதெல்லாம் வேண்டும். அதற்கு, கேள்விகளை அடுக்கி லிங்க்காக அனுப்பும் கூகுள் ஃபார்ம்ஸ் படிவம்தான் சரி.

"ப்ளே ஸ்டோரில் கூகுள் ஃபார்ம்ஸ் என்று தேடினேன், ஏழெட்டு வந்தது, எதைப் போடுவது?" என்று கேட்டிருந்தாயே, எதையும் போடாதே. நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவள். கூகுள் டாக்ஸுக்கும் ஷீட்ஸ் என்ற கணக்குத் தாளுக்கும் போனில் ஆப் இருப்பதால் ஃபார்ம்ஸுக்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். அதற்கு மட்டும் ஆண்ட்ராய்டிலும் இல்லை, ஐபோனிலும் இல்லை. உனக்கு வந்த ஏழெட்டும் வேறு யாரோ செய்தவை. நான் ஒன்றை இறக்கினேன், திறந்தவுடன் விளம்பரம், அப்புறம் மாதச் சந்தா, அப்புறம் என் கூகுள் கணக்கைப் பார்க்க அனுமதி. அன்றைக்கே தூக்கி எறிந்தேன்.

அது குடியிருப்பது பிரவுசருக்குள். குரோமோ சஃபாரியோ, எதையாவது திறந்து மேலே முகவரி அடிக்கும் இடத்தில் ஃபார்ம்ஸ் புள்ளி கூகுள் புள்ளி காம் என்று அடி. தேடல் பெட்டியில் 'ஆன்லைன் சர்வே' என்று போட்டுத் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் காசு கொடுத்து முன்னால் நிற்பவர்களின் விளம்பரம். அந்தப் பக்கம் போகவே போகாதே. முகவரியைத்தான் அடிக்க வேண்டும்.

இதைவிடக் குறுக்கு வழியும் ஒன்று உண்டு. ஃபார்ம்ஸ் புள்ளி நியூ. அவ்வளவுதான், பின்னால் காம் எதுவும் கிடையாது. 2018-இல் கூகுள் கொண்டுவந்தது. அடித்து என்டர் தட்டினால் வெற்றுப் படிவம் நேராகக் கண்முன் வந்து நிற்கும். டாக் புள்ளி நியூ, ஷீட் புள்ளி நியூ என்று மற்றவற்றுக்கும் இருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து நான் வேறு வழியில் போவதே இல்லை.

லேப்டாப்பில் உட்கார்ந்தால் இன்னும் சில வாசல்கள் உண்டு. ஜிமெயிலின் வலது மேல் மூலையில் ஒன்பது புள்ளிகள் சதுரமாக இருக்குமே, அதைத் தட்டிக் கீழே நகர்த்திக்கொண்டே போனால் ஊதா நிறத்தில் ஒரு தாள் படம் இருக்கும், அதுதான் ஃபார்ம்ஸ். (ஆபரேஷனுக்கு முன்னால் அதை நான் சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன்!) கோப்புகளைச் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவில் 'நியூ' என்பதைத் தட்டினால் டாக்ஸ், ஷீட்ஸ் எல்லாம் முகம் காட்டும், ஃபார்ம்ஸ் சில நேரம் 'மோர்' என்பதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஷீட்ஸிலிருந்தும் போகலாம், 'டூல்ஸ்' மெனுவில் புதுப் படிவம் என்று இருக்கிறது. சொல்லப்போனால் ஃபார்ம்ஸ் பிறந்ததே அங்கேதான். 2008-இல் அந்தக் கணக்குத் தாளின் ஒரு கிளையாகத்தான் அது வந்தது. அதனால்தான் பதில்களை ஒரே தட்டில் ஷீட்ஸுக்கு அனுப்பிவிட முடிகிறது, ஆளுக்கு ஒரு வரி என்று அழகாக உட்கார்ந்துகொள்ளும்.

போனில் டிரைவ் ஆப்பைத் திறந்து கூட்டல் குறியைத் தட்டி ஏமாந்து போகாதே. அங்கே ஃபோல்டர், அப்லோடு, ஸ்கேன், டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் எல்லாம் இருக்கும், ஃபார்ம்ஸ் மட்டும் இருக்காது. ஏற்கெனவே செய்த படிவம் பட்டியலில் தெரியும். அதைத் தொட்டால் அதுவும் உன்னை பிரவுசருக்குத்தான் அனுப்பிவைக்கும். தினமும் முகவரி அடிக்கச் சலிப்பாக இருந்தால் குரோமில் மூன்று புள்ளியைத் தட்டி 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' கொடு. ஐபோன் என்றால் சஃபாரியின் ஷேர் பொத்தானில் அதே பெயரில் இருக்கும். ஆப் மாதிரியே முகப்பில் ஒரு படம் வந்துவிடும்.

இன்னொரு இடம் நீ நிச்சயம் தடுக்கி விழுவாய், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் போனில் எத்தனை ஜிமெயில் கணக்கு இருக்கிறது? உன்னுடையது, வேலைக்காகத் திறந்தது, பேரன் விளையாட்டுக்காகத் திறந்தது. லேப்டாப்பில் ஒரு கணக்கில் படிவம் செய்துவிட்டு போனில் வேறு கணக்கில் திறந்தால் 'அனுமதி கேள்' என்று வரும். நீ செய்த படிவத்துக்கு உன்னிடமே அனுமதி கேட்கும்! கோபம் வரத்தான் செய்யும். மூலையில் உன் முகப்படம் இருக்கிறதே, அதைத் தொட்டு எந்தக் கணக்கு என்று பார். முகவரியில் யு, சாய்கோடு, பூஜ்யம் என்றோ ஒன்று என்றோ தெரிந்தால் அதுவும் எத்தனையாவது கணக்கு என்பதைத்தான் சொல்கிறது. படிவம் எந்த மெஷினிலும் இல்லை, அந்தக் கணக்கில் இருக்கிறது. அதே கணக்கில் நுழைந்தால் யார் வீட்டு கம்ப்யூட்டரிலும் உன் படிவம் விட்ட இடத்தில் காத்திருக்கும். பிறர் மெஷின் என்றால் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில், அதாவது லாகினை நினைவில் வைத்துக்கொள்ளாத தனி ஜன்னலில் திற. வேலை முடிந்ததும் எல்லா இன்காக்னிட்டோ ஜன்னலையும் மூடிவிட்டால் நீ அங்கே லாகின் செய்ததும் போய்விடும்.

இப்போது என் அசட்டுத்தனம் ஒன்று. போன வருஷம் எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான்தான் படிவம் செய்தேன். கேள்விகளைச் சரிபார்க்க இன்னொருத்தியின் உதவி தேவைப்பட்டது. அவளுக்காக 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று வைத்தேன். பிறகு அதை மாற்ற மறந்து, மேலே தெரிந்த முகவரியையே நகலெடுத்து முப்பத்தைந்து பேருக்கு அனுப்பிவிட்டேன். இருபது நிமிஷத்துக்குள் 'அடுத்து எந்த நாவல் படிக்கலாம்' என்ற என் கேள்வி மாயம். அந்த இடத்தில் ஒரு பெரியவர் தன் பதிலையே கேள்வியாக எழுதி வைத்திருந்தார். இன்னொருவர், பாவம், பெயர் கேட்கும் கட்டத்தில் தன் பெயரைத் தலைப்பாகவே போட்டுவிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

படிவத்துக்கு இரண்டு முகவரி உண்டு, அதுதான் அன்று எனக்கு உறைத்தது. 'எடிட்' என்று முடிவது சமையலறைக் கதவு, உனக்கும் உன் உதவியாளுக்கும் மட்டும். 'வியூஃபார்ம்' என்று முடிவது வாசல் கதவு, விருந்தாளிகளுக்கு. மேலே தெரிவதை நகலெடுக்காதே. படிவத்திலேயே பதில் சொல்பவர்களுக்கான லிங்க்கை எடுக்கும் இடம் இருக்கிறது, அதிலிருந்து எடு. 'சுருக்கு' என்று ஒரு கட்டத்தை டிக் செய்தால் ஃபார்ம்ஸ் புள்ளி ஜிஎல்இ என்று குட்டி முகவரி கிடைக்கும், போனில் வாசித்துக் காட்டக்கூட முடியும். இப்போது புதுப் படிவங்களில் 'பப்ளிஷ்' என்று ஒரு பொத்தானும் வந்திருக்கிறது. அதை அழுத்தாமல் லிங்க் அனுப்பினால் யாரும் பதில் போட முடியாது.

அனுப்பும் முன் அதே இன்காக்னிட்டோ ஜன்னலில் உன் வாசல் கதவை நீயே ஒரு தடவை தட்டிப் பார். அங்கே நீ யாரோ ஓர் அந்நியர். லாகின் கேட்டால் எங்கோ தவறு. 'ஆளுக்கு ஒரு பதில்தான்' என்ற கட்டுப்பாட்டையும், கோப்பு இணைக்கச் சொல்லும் கேள்வியையும் வைத்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். நம்மவர்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டு மறந்தவர்கள், நான் உள்பட. இரண்டையும் விட்டுவிடு. யாராவது இரண்டு தரம் பதில் போட்டால் நீயே ஒன்றை அழித்துக்கொள், அதில் ஒன்றும் குடி முழுகாது.

லிங்க்கை எங்கே போடுகிறாய் என்பதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் தொட்டால் போனின் பிரவுசரில் திறக்கும், தொல்லை இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போட்டால் அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னல் திறக்கும். அந்த மாதிரி ஜன்னல்களில் கூகுள் லாகினை விடாது. யாராவது 'திறக்கவில்லை' என்று புலம்பினால் மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி பிரவுசரில் திறக்கச் சொல். பத்தில் எட்டுப் புலம்பல் அதிலேயே அடங்கிவிடும்.

படிவத்தை லேப்டாப்பில் செய், ஆனால் போனில் பார். வரிசையும் நெடுக்கையுமாகக் கட்டம் போட்ட கேள்வி லேப்டாப்பில் லட்சணமாக இருக்கும். போனில் அது பக்கவாட்டில் ஓடிவிடும், கடைசிக் கட்டங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. என் டேப்லெட்டில் நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் பதில் போடப்போகிறவர்கள் கையில் இருப்பது போன்தானே. கேள்வி ஆறேழுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்.

உன் தங்கை தன் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள் என்றாள் என்றாயே. அதுவும் நல்லதுதான், 2016-இலிருந்து இருக்கிறது. ஆனால் அவள் அலுவலகக் கணக்கில் வேண்டாம். வெளியாட்கள் பதில் போட அங்கே தடை வைத்திருக்கலாம், நாளைக்கு அவள் வேலை மாறினால் நம் பட்டியலும் கையைவிட்டுப் போகும். தொலைபேசி எண் போன்றவை உன் சொந்தக் கணக்கிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இடது கண் கொஞ்சம் நீர் கோத்துக்கொண்டது. மகள் வாசலில் வந்து நின்று முறைக்கிறாள். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதனால் தேதிக் கேள்வியில் மாதக் கடைசி ஞாயிறு ஒன்றையும் விடையாகச் சேர்த்துவிடு. நான் அதைத்தான் குறிப்பேன். மூன்றாவது அறைக்காரிகளையும் அதையே குறிக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், இதை வெளியே சொல்லாதே.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
அதே ஜன்னலோரக் கட்டில்காரி