ஜீப்பு ஏறிய பிறகு பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும்: ஊராட்சிக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவை இயங்கச் செய்யக் கோரி மனு

அனுப்புநர்
மலையடிவாரக் குடியிருப்புத் தாய்மார்கள்,
போடிநாயக்கனூர் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் ஆளில்லாமல் இருப்பது – ஊராட்சி அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைக் கூட்டவும், சீசன் மாதங்களில் குழந்தைகள் காப்பகம் திறக்கவும் வேண்டுவது – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு ஆய்வுக்குப் போகும்போது முந்தல் சோதனைச் சாவடிக்கு முன்னால் தாங்கள் பார்த்திருப்பீர்கள். விடியக் கருக்கலில் அந்தச் சாவடியைத் தாண்டி மேலே ஏறும் ஜீப்புகளில் இருப்பவர்கள் நாங்கள்தான். கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கிறோம், களை எடுக்கிறோம், உரம் சுமக்கிறோம். எல்லை தாண்டிப் போனால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

இதே விஷயமாக ஊராட்சியிலும் ஒன்றிய அலுவலகத்திலும் மனு கொடுத்தோம். கிராம சபையில் எழுந்து பேசினோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவின் ரசீதும் எங்களிடம் இருக்கிறது. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று போனுக்குச் செய்தி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. அதனால் பணிவோடு மறுபடியும் எழுதுகிறோம்.

1. ஜீப்பு காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அந்த நேரத்தை நாங்கள் முடிவு செய்வதில்லை, கங்காணியும் தோட்டமும் முடிவு செய்கிறார்கள். பால்வாடி திறப்பது அதற்கு வெகுநேரம் கழித்து. மாலையில் பால்வாடியும் பள்ளிக்கூடமும் விட்டுப் பிள்ளைகள் வீடு வந்து, மழையும் மூடுபனியும் இல்லாத நாளிலேயே இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகுதான் நாங்கள் இறங்கி வருகிறோம். ஆகஸ்ட்டிலிருந்து ஜனவரி வரை காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் ஜீப்பில் இடம் கிடைக்காது.

2. அந்த நேரத்தில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான் தாங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். அப்பத்தா, அம்மாச்சி இருக்கும் வீடுகள் தப்பித்தன. மற்ற வீடுகளில் எட்டு வயதும் ஒன்பது வயதுமான பிள்ளைதான் வீட்டுக்குப் பெரியவர். தம்பியை எழுப்பி, மூஞ்சி கழுவிவிட்டு, தலைசீவி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட வேண்டியது அவள் வேலை. பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்ததில் எங்கள் பிள்ளைகள் பசியில்லாமல் உட்காருகிறார்கள், அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அக்கா பள்ளிக்கூடம் போகமாட்டாள், அன்றைக்கு அந்தச் சாப்பாடும் இல்லை. எங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பொட்டப்பிள்ளைகள் இப்படித்தான் நின்றார்கள். முதலில் வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், அப்புறம் பேர் மட்டும் வருகைப் பதிவேட்டில்.

போன சீசனில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் அடுப்பிலிருந்த வெந்நீரை இழுத்துக் கொட்டிக்கொண்டான். ஏழு வயது அக்கா சட்டையைக் கழற்றப் பார்த்திருக்கிறாள், தோலோடு வந்திருக்கிறது. பயந்துபோய் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள், அம்மா அடிப்பாளே என்று. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அழுகைச் சத்தம் கேட்டு ஆட்டோ பிடித்தார்கள். தாய் இருந்த தோட்டத்தில் டவர் எடுக்காது. சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கிய பிறகுதான் அவளுக்கே தெரியும். பையன் பிழைத்தான், வலது கை இன்னும் முழுசாக நீட்ட வராது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்து "பிள்ளையைத் தனியா விட்டுட்டு எங்கம்மா போன?" என்று கேட்டார்கள். ஐயா, அவள் எங்கே போனாள் என்று இந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது?

இன்னொரு வீட்டில் நடந்ததை இங்கே எழுதமாட்டோம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. தகவல் தெரிந்தவர்கள் சொல்லாமல் இருந்தால் குற்றம் என்று பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் இருப்பதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சரி, நாங்கள் சொல்லுவோம். நடக்காமல் தடுக்க யார் இருக்கிறார்கள்? குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற நம்பரைச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை கையில் போன் ஏது ஐயா?

3. ஊராட்சி அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம நிர்வாக அலுவலர், தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். எங்கள் ஊரில் அது நோட்டில் இருக்கிறது. கூட்டம் நடந்ததாக வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப் போனதைத் தவிர, கூடி உட்கார்ந்து பேசியதை நாங்கள் பார்த்ததில்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர் பதவிக்காலமும் முடிந்தது. அவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரிடம் போனால் அவருக்குப் பல ஊராட்சி. இப்போது அந்தக் குழுவுக்குத் தலைவர் யார்? இந்த ஒரு கேள்விக்கு ஒன்றிய அலுவலகத்தில் பதில் இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தால் கேட்க ஆள் இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் இல்லை.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தை 2021-ல் திருத்திய பிறகு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பு ஆட்சியரிடமே இருக்கிறது. அதனால்தான் தங்கள் கதவைத் தட்டுகிறோம்.

4. சில தாய்மார்கள் கைப்பிள்ளையோடு மேலேயே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அங்கே கேட்டால் ஆதார் தமிழ்நாடு, கீழே போய்க் கேளுங்கள் என்கிறார்கள். கீழே கேட்டால் பிள்ளை இங்கே இல்லையே என்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில், தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி வைத்திருக்க வேண்டும், இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. கேரளத்தில் வார்டுதோறும் ஜாக்ரதா சமிதி என்ற பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்டு. இடுக்கி மாவட்ட நிர்வாகத்தோடு தாங்கள் ஒருமுறை பேசினால், எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளலாம்.

5. கணவன் இல்லாத தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு என்கிறார்கள். மனுப் படிவத்தை எங்கள் தெருவில் வைத்தே வாங்கச் சொல்லுங்கள்.

6. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சீசன் மாதங்களில் எங்கள் பால்வாடிக் கட்டடத்தைக் காலை ஐந்து மணிக்குத் திறந்து, இருட்டும் வரை வைத்திருங்கள். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயது வரை எடுத்துக்கொள்ளலாம். இப்போது இருக்கும் டீச்சர் மேல் இதையும் சுமத்த வேண்டாம், அந்த அம்மா ஏற்கெனவே ஒற்றை ஆளாகத் திணறுகிறார். எங்கள் மகளிர் குழுவிலேயே மலை ஏற முடியாத அக்காமார் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் போட்டு வேலை கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணி அடிக்கும் வரை உட்கார சமுதாயக் கூடத்தின் சாவியைக் கொடுங்கள். அது முகூர்த்த நாள் தவிர பூட்டித்தான் கிடக்கிறது.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடத்தில் பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) வேண்டும் என்று எழுதினார்கள். தினக்கூலிக்கு ஜீப்பில் போகும் எங்களை எந்தத் தோட்டமும் தன் ஆள் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படியானால் எங்கள் பிள்ளைகள் யார் கணக்கு? எத்தனை தடவை எழுதினால் ஒருவர் வந்து பார்ப்பார்? இன்னொரு பையனுக்குக் கை வெந்த பிறகுதான் வருவீர்களா?

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் பகல் பதினொரு மணிக்கு அனுப்ப வேண்டாம். அப்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். காலை ஆறு மணிக்கு அனுப்புங்கள். தயவுசெய்து இந்த முறை மனுவை வேறு மேசைக்கு அனுப்பாமல், தனி அலுவலரைத் தலைவராக வைத்துக் குழுவைக் கூட்டச் சொல்லி உத்தரவு போடுங்கள். குழுவில் எங்களில் இரண்டு தாய்மார்களையும் சேருங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நாங்கள் எல்லாரும் வருவோம், மற்ற நாளில் வந்தால் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
மலையடிவாரக் குடியிருப்புத் தாய்மார்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனு ரசீதின் நகல்.