மாத்திரை அனுப்புவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

என் ஞாபகசக்தியைக் காக்க பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், தூக்க ஹார்மோனான மெலடோனின் ஆகிய மாத்திரைகளை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் அக்கறை புரிகிறது. ஆனாலும் இரண்டும் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்த ஹார்மோன்கள் மூளையைச் சேதத்திலிருந்து காக்கும் என்று நீ படித்ததில் உண்மை இருக்கிறது. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்னும் நிலையற்ற மூலக்கூறுகள், எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு நிறைந்த நரம்புச் செல் சவ்வுகளைத் தாக்குகின்றன. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸும் இதற்குத் தப்புவதில்லை. ஆய்வகத்தில் வளர்த்த நரம்புச் செல்களை ஈஸ்ட்ரோஜன் இந்தச் சேதத்திலிருந்து காத்ததும் உண்மையே. ஆனால் ஃப்ரீ ராடிக்கல்களை அது நேரடியாகத் தணிப்பதற்கு, நம் இரத்தத்தில் இயல்பாக இருப்பதைவிட மிக அதிகமான அளவு தேவைப்பட்டது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான 4,532 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. மறதிநோய் குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய அந்த ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட ஹார்மோன் பெற்றவர்களிடம் அந்நோய் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. என் வயதில் இருப்பவள் இதைப் படித்த பிறகும் எப்படித் துணிவாள்? மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடல் கொதிப்பதற்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது வேறு விஷயம். அது நல்ல மருந்துதான்.

மெலடோனின் விலங்குகளின் மூளையில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் அந்த மாத்திரை மனிதரின் நினைவாற்றலைக் காக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இருட்டில் உடலே அதைச் சுரக்கிறது, இரவில் வெளிச்சம் பட்டால் சுரப்பு குறைகிறது. நள்ளிரவு தாண்டியும் கைபேசியில் எனக்கு எழுதிக்கொண்டிருக்கும் நீதான் இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் தைராய்டும். கார்ட்டிசால் நெடுங்காலம் மிகுந்திருக்கும் குஷிங் நோயில் ஹிப்போகாம்பஸ் சுருங்குவதும், சிகிச்சைக்குப் பின் ஓரளவு மீள்வதும் காணப்பட்டிருக்கின்றன. தைராய்டு குறைந்தாலோ மறதியும் மந்தமும் வரும், ஆனால் உரிய மருந்தால் அவை பெரும்பாலும் குறையும். ஆகவே தைராய்டு, வைட்டமின் பி12 இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளப் போகிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன். அதுவரை எந்த மாத்திரையையும் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா