கொற்றவையின் சூடு

அன்புள்ள முத்து,

கடிதமும் 'கொற்றவை' போர்க்கப்பலின் வரைபடமும் கிடைத்தன. கதை விறுவிறுவென்று போகிறது. கப்பலைத்தான் நீ மாற்றி வரைய வேண்டும். சூடு வெளியேற அதில் வழியே இல்லை. விண்வெளியில் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றில்லை. கதிர்வீச்சாகத்தான் போக வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையமே சுமார் 70 கிலோவாட் வெப்பத்துக்காக அமோனியா ஓடும் பெரிய ரேடியேட்டர்களை (வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடும் தகடுகளை) விரித்து வைத்திருக்கிறது.

உன் லேசர் 10 மெகாவாட். செயல்திறன் 25 சதவீதம் என்று வைத்தாலும் 40 மெகாவாட் மின்சாரம் உள்ளே போய், 30 மெகாவாட் சூடாகத் தங்கும். 300 கெல்வினில் (27 டிகிரி செல்சியஸ்) உள்ள ரேடியேட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 830 வாட்தான் தள்ளும். அப்படியானால் 36,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஐந்து கால்பந்து மைதானம்! 1,000 கெல்வின் என்றால் 300 சதுர மீட்டர் போதும். ஆனால் லேசர் டயோடுகள் (மின்சாரத்தை லேசர் ஒளியாக்கும் சில்லுகள்) அந்தச் சூட்டில் பிழைக்காது. அந்தச் சூடான ரேடியேட்டர் அணு உலைக்கு மட்டும் இருக்கட்டும்.

லேசருக்குப் பனிக்கட்டித் தொட்டி வை. தொட்டிக்குள் அழுத்தத்தை வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்காக வைத்தால் தண்ணீர் 45 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு கிலோ பனி உருகி ஆவியாக ஏறத்தாழ 3 மெகாஜூல் வாங்கிக்கொள்ளும். அதாவது நொடிக்கு 10 கிலோ, பத்து நிமிடம் சுட 6 டன். ஆவியை வெளியே விடாமல் தண்ணீராகவே அடைத்து வைத்தால் 34 டன் தேவைப்படும். அணு உலையின் சூட்டில் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பீய்ச்சும் அணு வெப்ப ராக்கெட்டின் வெளியேற்ற வேகம் நொடிக்கு 9 கி.மீ.; கப்பலின் வேகத்தை அதே 9 கி.மீ. மாற்ற, சுமக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 1.7 டன் ஹைட்ரஜன் கூடுதலாக ஏற்ற வேண்டும். ஆகவே ஆவியை வெளியே விடுவதுதான் சரி.

ஆனால் வெளியேறும் ஆவி கப்பலைத் தள்ளும். குழாய் வாய்களை எதிரெதிர் ஜோடிகளாக வை. ஒன்றில் பனி உறைந்து அடைத்தால் கப்பல் மெல்லத் திரும்பும். 1,000 கி.மீ. தொலைவில் ஒரு மைக்ரோ ரேடியன் (ஒரு டிகிரியில் சுமார் 17,000-இல் ஒரு பங்கு) அசைவே ஒரு மீட்டர் விலகல். இரண்டு மீட்டர் கண்ணாடியும் ஒரு மைக்ரான் அலைநீளமும் தரும் ஒளிப்புள்ளியின் விட்டமே 1.2 மீட்டர்தான். கப்பலைத் திருப்பிக் குறிபார்க்கும் பழக்கத்தை விடு, குறிபார்க்கும் கண்ணாடி தனியாகத் திரும்பட்டும். சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட் 3-இல் 23 மி.மீ. பீரங்கி அசையாமல் பொருத்தப்பட்டிருந்ததால் நிலையத்தையே திருப்ப வேண்டியிருந்தது. 1975 ஜனவரியில் வீரர்கள் யாரும் உள்ளே இல்லாதபோதுதான் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். 1987 மே மாதம் சோவியத் ஏவிய போலியுஸ் என்ற சோதனை ஆயுத விண்கலம், 180 டிகிரி திரும்ப வேண்டியது 360 டிகிரி சுற்றிவிட்டு, எஞ்சினைத் தவறான திசையில் எரித்துப் பசிபிக் கடலில் விழுந்தது. உன் ஆறாம் அத்தியாயத்துக்கு அது நல்ல விபத்து.

ஏழாம் அத்தியாயத்தில் கப்பல் எஞ்சினை அணைத்துவிட்டு ஒளிந்து வருகிறதே, அதை எடுத்துவிடு. ஆட்கள் வாழும் கப்பலின் சூடு அகச்சிவப்புக் கருவியில் தெளிவாகத் தெரியும். ஒளிய வேண்டுமானால் ஏதாவது ஒரு நிலவின் மறைவுக்குப் போகட்டும்.

திருத்திய வரைபடத்தை அனுப்பு. ஹைட்ரஜன் தொட்டிகளின் கணக்கை அதைப் பார்த்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
சேகர்