25 மில்லிமீட்டர் போதும், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லை என்று திட்டாதே. முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனேன். தரையில் படுத்துச் செய்கிற வேலையெல்லாம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் ஞாயிற்றுக்கிழமைகள் தரையில்தான் கழிகின்றன என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். சின்னவளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஷெட்டில் ரேடியோவை முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் அந்த டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியே விட்டாய்! இருபது வருஷமாக "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஆயிற்றே, போட்டோவைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உன் முஷ்டியை வைத்து ஒரு படம் அனுப்பியிருக்கிறாய். "வண்டியை இறக்கி இந்த ஓட்டையை அடைக்கணும். எந்த ஸ்பிரிங் வாங்கலாம்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்குத்தான் கை வலிக்க எழுத வேண்டியிருக்கிறது. ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

நம் முதல் வண்டி ஞாபகம் இருக்கிறதா? கிரைண்டரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிந்தோமே. எட்டுச் சுற்றில் ஒன்று போனால் மிச்சமுள்ள ஸ்பிரிங் ஏழில் ஒரு பங்கு கடினமாகும், கிட்டத்தட்ட 14 சதவீதம். அப்போது நமக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வண்டி தாழ்ந்தது, அழகாக நின்றது, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஜாக் போட்டபோது ஸ்பிரிங் தட்டிலிருந்து கழன்று டங்கென்று விழுந்ததும் நீ ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. பழைய மாஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தேனே, அதில் 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்கை வாங்கிப் பழைய ஷாக் அப்சார்பர் மேலேயே மாட்டினேன். முதல் வாரம் ஒரே பெருமை. அடுத்த வாரம் மழை. நீளமான ஒரு வளைவு, நடுவில் சாலை லேசாகத் தூக்கிக்கொள்ளும் இடம். அதில் ஏறியதும் பின்பக்கத்தில் "டுக்" என்று ஒரு சத்தம். சத்தத்தோடு பின்சக்கரம் பிடியை விட்டு வெளியே கிளம்பிவிட்டது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து எப்படியோ சமாளித்தேன். வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், ஷாக்கின் உடம்புக்கும் மேலே இருக்கும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. வளைவில் வண்டி சாய்ந்ததுமே அந்த இடம் தீர்ந்துபோயிருக்கிறது. மேடு வந்தபோது ஸ்பிரிங் வேலை செய்ய வழியே இல்லை, வண்டி ரப்பர் மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு சக்கரத்தில் மட்டும் திடீரென்று சஸ்பென்ஷன் கல் மாதிரி ஆனால் டயர் எப்படிப் பிடிக்கும்?

அதனால்தான் சொல்கிறேன், எத்தனை மில்லி இறக்குவது என்று ஆரம்பிக்காதே. மேல்நோக்கி அமுங்க உனக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார், உயரம் அதைப் பொறுத்துத்தான். அளக்கக் காசே வேண்டாம். ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டுப் பளபளவென்று இருக்கும் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டு, ஆனால் கையால் நகர்த்தினால் நகர வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது அதை ஷாக் உடம்பைத் தொடும்வரை கீழே தள்ளு. அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பின் கீழ்நுனிவரை அளந்து எழுதிக்கொள். பிறகு நீ வழக்கமாகப் போகும் சாலையில் வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று போய் வா. கேபிள் டை எவ்வளவு மேலே ஏறி நிற்கிறதோ அதுதான் நீ உண்மையில் பயன்படுத்தும் இடம். ஏற்கெனவே ரப்பரைத் தொட்டுவிட்டு வந்திருந்தால், 40 மில்லி இறக்கும் ஆசையை மறந்துவிடு.

இடம் குறைந்தால் ஸ்பிரிங் கடினமாக வேண்டும், வேறு வழியில்லை. எவ்வளவு கடினம் என்பதுதான் கேள்வி. எண் வேண்டுமென்றால் இப்படிப் பார். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 280 கிலோ, சக்கரத்தில் உணரும் கடினம் மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று வை. அந்த மூலை வினாடிக்கு 1.5 தடவை ஆடும். கடினத்தை ஒன்றரை மடங்காக்கினால் 1.84. ஸ்போர்ட்ஸ் காருக்கு 1.5-லிருந்து 2-க்குள் இருந்தால் தினமும் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் ட்ராக்கில் நன்றாக இருக்கும், வீட்டில் சண்டை வரும். ஒன்றைக் கவனி, நான் சொன்னது சக்கரத்தில் உள்ள கடினம், பெட்டியில் அச்சடித்த எண் அல்ல. உன் வண்டியின் முன்பக்கத்தில் மேக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சக்கரத்தின் அருகே நிற்கும் அமைப்பு. அங்கே இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்பக்கம் டபுள் விஷ்போன், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு. சக்கரம் 10 மில்லி ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிதான் அமுங்குகிறது என்றால் 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கு, 0.49. ஸ்பிரிங்கின் கடினத்தில் பாதிகூடச் சக்கரத்துக்கு வராது. "பின்ஸ்பிரிங் எண் பெரிதாக இருக்கிறதே" என்று பயந்துபோய் மாற்றிவிடாதே.

ஸ்பிரிங்கைக் கடினமாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே வைத்தால் அது இன்னொரு வம்பு. அமுங்கிய ஸ்பிரிங் அதிக பலத்தோடு திரும்பி உதைக்கும், அதை அடக்கும் வேலை ஷாக்குடையது. ஒன்றரை மடங்கு ஸ்பிரிங்குக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலான அடக்கம் வேண்டும். தேய்ந்த ஷாக் அதை எங்கே கொடுக்கும்? என்னைக் கேட்டால் காசு குறைவாக இருக்கும்போது முதலில் ஷாக்கை வாங்கு, ஸ்பிரிங் அடுத்த வருஷம் வரட்டும். இரண்டும் சேர்த்து என்றால், தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்றே உடம்பைக் குட்டையாக்கிச் செய்த ஷாக்காகப் பார்த்து எடு. பில்ஸ்டீனில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கு, பி8 என்பது இறக்கிய வண்டிக்கு. பெட்டியில் இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் மாற்றி வாங்கியவர்கள் நிறைய பேர்.

இனி காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் உயரம் மாற்றும் மரையும் ஷாக்கின் மேலேயே சேர்ந்து வருவது. (முதன்முதலில் நான் இந்த வார்த்தையைச் சொன்னபோது "கோயில் ஓவரா? அப்படி என்னடா ஓவர்?" என்று கேட்டாயே, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.) இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் மேலும் கீழும் திருகலாம். இறக்க இறக்க ஷாக்கின் இடமும் கரையும். இன்னொன்றில் கீழ்ப்பிடியும் மரையில் ஏறி இறங்கும், ஷாக் அமுங்கும் இடம் குறையாமலேயே வண்டியை இறக்கலாம். ஆனால் அதிலும் ஒரு எல்லை உண்டு, டயர் போய் ஃபெண்டரின் உள்பக்கம் உரசினால் ஷாக்கில் இடம் இருந்து என்ன பிரயோஜனம்? "ப்ரீலோட் (மாட்டும்போதே ஸ்பிரிங்கில் ஏற்றி வைக்கும் முன்சுமை) ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும்" என்று யாராவது சொன்னால் சும்மா தலையாட்டிவிட்டு வா. நேர்விகித ஸ்பிரிங்கில் (எவ்வளவு அமுங்கினாலும் கடினம் மாறாதது), அந்த முன்சுமை வண்டியின் எடைக்குள் இருக்கும்வரை, தட்டைத் திருகினால் உயரம்தான் மாறும், கடினம் அப்படியேதான் இருக்கும். ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற 32 கிளிக் என்று பெருமையாக எழுதியிருக்கும் விலை மலிந்த செட் ஒன்றை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். முதல் 25 கிளிக்கில் ஒன்றும் தெரியவில்லை, மிச்சத்தில் பல் ஆடியது. இரண்டாவது மழைக்காலத்தில் மரையெல்லாம் துருவேறி இறுகிவிட்டது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

நீ ட்ராக்குக்கு வருஷத்தில் எத்தனை நாள் போவாய்? உண்மையைச் சொல். இரண்டு நாளா? அப்படியென்றால் உனக்குக் காயில்ஓவர் வேண்டாம். உயரத்தை ஒரு தடவை வைத்துவிட்டு அப்புறம் அந்தத் தட்டைத் தொடவே மாட்டாய். நல்ல ஸ்பிரிங், அதற்குப் பொருந்தின குட்டை ஷாக், புது பம்ப் ஸ்டாப், ஷாக்கை மேலே பிடிக்கும் புது டாப் மவுண்ட். மொத்த இறக்கம் 25 மில்லி. அவ்வளவுதான்.

ஏன் 25-ஓடு நிறுத்தச் சொல்கிறேன் தெரியுமா? உன் வண்டியின் புவியீர்ப்பு மையம் ஏற்கெனவே 460 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எண். அதில் 25 குறைத்தால் வளைவில் உள்டயரிலிருந்து வெளிடயருக்குப் போகும் சுமை ஐந்து சதவீதம்போலத்தான் குறையும். நல்ல டயர் ஒரு செட் போட்டால் அதைவிட அதிகம் கிடைத்துவிடும். 50 இறக்கினால் பத்து சதவீதம் கிடைக்குமே என்று கணக்குப் போடுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? அங்கேதான் ஸ்ட்ரட் காலை வாரும். முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் கை) உள்புஷ்ஷும் (உள்முனையின் ரப்பர் மூட்டு) வெளியே இருக்கும் பால் ஜாயின்ட்டும் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) தெரியும்படி குனிந்து பார். வண்டியை இறக்கினால் பால் ஜாயின்ட் உள்புஷ்ஷைவிட மேலே போய்விடும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீளும். தாழ்ந்த வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும்! அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், அப்புறம் சாய்வைத் தடுக்கும் பெரிய ஆன்டி-ரோல் பார் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். நீளத் தண்டுள்ள பால் ஜாயின்ட் போட்டுச் சரிசெய்யலாம். கூடவே சக்கரத்தைத் திருப்பும் டை ராட்டின் முனையையும் சரிசெய்யாவிட்டால் மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். 25-ல் நின்றால் இந்த வம்பெல்லாம் பெரிதாக வராது.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இரு. கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முழுதாக இறுக்க விடாதே. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியது, முறுக்கித்தான் வேலை செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி கீழே வந்த பிறகு அது எப்போதும் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் எடையோடு நிற்கும்போது, அல்லது ஆர்முக்கு அடியில் ஜாக் கொடுத்து அதே உயரத்துக்குத் தூக்கிவிட்டு இறுக்கச் சொல். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் வேலையை நீ தொடாதே. உன் ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அலைன்மென்ட் மாட்டிய அன்றே ஒரு தடவை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு தடவை. இறக்கினால் பின்சக்கரத்தின் மேல்பக்கம் தானாகவே உள்ளே சாயும் (இந்தச் சாய்வுதான் கேம்பர்), முன்பக்கம் அவ்வளவு சாயாது. அப்படியே விட்டால் பின்பக்கம் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நேராக இழுக்கும். முன்னால் கேம்பர் போல்ட் போட்டு ஒன்றரை டிகிரி கிடைத்தால் எடுத்துக்கொள், பின்னால் முடிந்தவரை அதை ஒட்டிக் கொண்டுவரச் சொல். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் தின்றது டோ, மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. முன்னால் பூஜ்யம், பின்னால் துளி உள்நோக்கி. ஹெட்லைட்டையும் சரிபார்க்கச் சொல். உங்கள் பக்கத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீயே விசாரித்துக்கொள்.

மியாட்டாவை விற்றுவிட்டேன், சொல்ல மறந்துவிட்டேன். வாங்கிய பையன் முதல் கேள்வியே "அண்ணா, இன்னும் இறக்க முடியுமா?" என்றான். பதில் சொல்லாமல் ஒரு கட்டு கேபிள் டையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

நீயும் நாலு சக்கரத்திலும் அளந்து, முன் வலது, முன் இடது என்று தனித்தனியாக எழுதி அனுப்பு. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

அன்புடன்,
உன் பழைய ஷெட்டுக்காரன்