பையோட வாய பாரு பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியாம்மா, குளிர் எப்படி இருக்கு, அம்மா குடுத்த ஸ்வெட்டர போடுறியா. நீ அனுப்புன போட்டோவ பாத்தேன், அந்த நரி படம் போட்ட கோன்கென் பை. "அப்பா இங்க ஸ்கூல் புள்ளைல இருந்து தாத்தா வரைக்கும் இதையேதான் மாட்டிட்டு திரியுறாங்க, பெட்டி மாதிரி இருக்கு, இதுல அப்படி என்னப்பா இருக்கு"ன்னு கேட்டிருந்த. பைய பத்தி என்கிட்ட கேட்டுட்டு ரெண்டு வரில பதில் வரும்னு நெனச்சியா. வாட்ஸப்புல அடங்காதுன்னுதான் இப்படி மெயில்ல எழுதுறேன், பஸ்ல போகும்போது பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பை வாங்க போறவங்க எல்லாரும் எத்தன அறை இருக்குன்னு எண்ணுவாங்க, நான் அத எண்ண மாட்டேன். வாய் எப்படி தொறக்குதுன்னு பாப்பேன், அடுத்து, எடுத்த பொருள ஒரே கையால திருப்பி உள்ள வைக்க முடியுதான்னு பாப்பேன். எடுக்குறது எந்தப் பையில இருந்தும் எடுத்துரலாம், இழுத்து புடுங்கியாவது எடுத்துரலாம், வைக்கிறதுலதான் இருக்கு விஷயமே. வைக்க கஷ்டமா இருந்தா என்ன பண்ணுவோம், டேபிள் மேல போட்டுருவோம், சட்டை பாக்கெட்ல சொருகிருவோம், அப்புறம் வீடு பூரா தேடுவோம். பொருள் தொலையறதுல பாதி இதனாலதான்.

இது நான் லைன்மேனா இருந்த காலத்துலயே மனசுல பதிஞ்ச விஷயம். டெலிபோன் கம்பத்துல ஏறி நிக்கும்போது ஒரு கை ஏணியவோ பெல்ட்டயோ புடிச்சிருக்கும், கண்ணு வீடுகளுக்கு லைன் பிரியுற டிபி பாக்ஸ்ல இருக்கும், மிச்சம் இருக்குற ஒரு கைதான் இடுப்புல இருக்க தோல் பைக்கு போகும். குனிஞ்சு பாக்க நேரம் கிடையாது, கட்டிங் பிளேயர் இருக்க எடத்துல கை போய் நிக்கணும், வேலை முடிஞ்சதும் அதே எடத்துல அது போய் உக்காரணும். தப்பா வெச்சா கீழ போறவன் தலையில விழும். அந்தப் பைய தைச்சவர் யாரோ எவரோ, ஆனா கெட்டிக்காரர். வாய்ப்பக்கம் மட்டும் தோல ரெண்டா மடிச்சு தைச்சிருப்பார், அதனால வாய் எப்பவும் தொறந்தபடி விறைப்பா நிக்கும், முதுகுப்பக்கம் கொஞ்சம் உசரமா முன்பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கும், பிளேயர் மூக்க அந்த உசந்த தோல்ல வெச்சு விட்டா போதும், தானா வழுக்கி உள்ள போயிரும். இந்த ரெண்டு இஞ்ச் வித்தியாசத்த யோசிச்சவன் கண்டிப்பா கம்பத்துல ஏறுனவனாதான் இருக்கணும்னு நான் அடிக்கடி நெனச்சுக்குவேன்.

இன்னொண்ணு உங்க அப்பத்தாவோட சுருக்குப்பை. உனக்கு அதுல இருந்து வர்ற காசுதான் ஞாபகம் இருக்கும், எனக்கு அதோட நாடா. நீ கவனிச்சிருக்க மாட்ட, அதுல ரெண்டு நாடா ஓடும். வாய்க்கு கொஞ்சம் கீழ ஒரு மடிப்பு தைச்சிருக்கும், அதுக்குள்ள ஒரு நாடா இடப்பக்கம் நொழஞ்சு முழு சுத்து சுத்தி இடப்பக்கமே வெளிய வரும், இன்னொண்ணு வலப்பக்கம் நொழஞ்சு சுத்தி வலப்பக்கமே வரும். ரெண்டையும் எதிரெதிரா இழுத்தா வாய் சுத்திவர ஒரே சீரா சுருங்கும், துணியும் நாடாவும் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிறதுனால முடிச்சு போடாமலே அப்படியே நிக்கும். ஒத்த நாடா வெச்ச பை பாரு, ஒரு பக்கம் மட்டும் கொசுவி இன்னொரு பக்கம் லூசா கெடக்கும். தொறக்குறப்ப மடிப்புக்கு மேல விட்டிருக்க துணிய புடிச்சு ரெண்டு வெரலால விரிச்சா போதும். ஜிப் இல்ல, பட்டன் இல்ல, துருப்பிடிக்க எதுவும் இல்ல. அப்பத்தா இருட்டுக்குள்ள உக்காந்தே பாக்கு தனியா சில்லறை தனியா எடுப்பா. இத யார் கண்டுபிடிச்சான்னு பேர் இல்ல, ஆனா உலகத்துல எந்த டிசைனர் பக்கத்துலயும் தைரியமா வைக்கலாம்.

சரி உங்க ஊர் பைக்கு வர்றேன். கோன்கென் வந்தது 1978ல. அத செய்யுற ஃபியல்ராவன்ங்குற சுவீடன் கம்பெனிய 1960ல ஆரம்பிச்ச ஓக்கே நூர்டின் தான் அதுக்கு காரணம். அந்த மனுஷன் 14 வயசுலயே, 1950ல, முதுகுல பை சரியா உக்காரலன்னு மரத்துல ஒரு சட்டம் செஞ்சு அம்மாவோட மிதி மெஷின்ல தானே பை தைச்சு கட்டிக்கிட்டவரு, படிச்சதும் எனக்கு அவர ரொம்ப புடிச்சு போச்சு. 70கள்ல சுவீடன்ல சின்ன வயசுக்காரங்களுக்கே முதுகுவலின்னு பேச்சு வந்தப்ப, ஒரே தோள்ல பைய தொங்கவிடுறதுதான் காரணம்னு சொன்னாங்க, பள்ளிக்கூட புள்ளைங்களுக்கு ரெண்டு தோள்லயும் மாட்டுற மாதிரி ஒரு பை செய்யலாம்னு இறங்குனார். அங்க பாரு அவர் ஆரம்பிச்ச எடத்த. பைய வரையல, புள்ள எத தூக்கிட்டு போகும்னு பாத்திருக்கார். ஏ4 ஃபைல் ரெண்டு. அந்த ரெண்டு ஃபைலையும் நிக்க வெச்சு அத சுத்தி துணிய தைச்சா என்ன வருமோ அதுதான் உன் போட்டோல இருக்க பெட்டி. உசரம் 38 செ.மீ, அகலம் 27, ஆழம் 13, கொள்ளளவு 16 லிட்டர், எடை வெறும் 300 கிராம்.

அதோட வாய பாரு. ஜிப் மேல மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் கீழ எறங்கி வருது. முழுசா தொறந்தா முன்பக்கம் அப்படியே முன்னாடி சாஞ்சுரும், உள்ள இருக்கது எல்லாம் மேல இருந்து தெரியும். ஃபைல இடிக்காம வைக்கலாம். மேல மட்டும் ஜிப் வெச்ச ஸ்கூல் பைல நோட்ட வைக்கிறப்ப முனை மடங்கும்ல, நீ எட்டாவது படிக்கிறப்ப அழுதியே, அது இதுல நடக்காது. முதுகுப்பக்கம் ஒரு ஃபோம் அட்டை வெச்சிருப்பாங்க, வெளிய எடுத்து ஈரத்தரைல போட்டு உக்காந்துக்கலாம், உள்ள இருக்கும்போது அதே அட்டை முதுகுல புத்தகம் குத்தாம தாங்குது. ஒரு பொருளுக்கு ரெண்டு வேலை, எனக்கு அங்கதான் மனசு நெறஞ்சுருச்சு. அந்த நரி லேபிள் மேல ராத்திரி மொபைல் டார்ச்ச அடிச்சு பாரு, பளிச்சுன்னு மின்னும், குளிர்காலத்துல மத்தியானமே இருட்டுற ஊர்ல புள்ளைங்க ரோட்டுல நடக்குறாங்கள்ல, அதுக்கு. பைக்கு உள்ள பாரு, பேர் எழுத எடம் இருக்கும்.

துணிய பத்தி சொல்லாம விட முடியாது. மொதல்ல இருந்து வர்ற அசல் கோன்கென் மாடலோட துணி வினைலான். 1939ல ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல ரி சுங்கி, சகுராடா இச்சிரோ, இன்னும் சிலர் சேர்ந்து கண்டுபிடிச்சது. இதோட மூலப்பொருள் தண்ணில கரையக்கூடிய ஒண்ணு, அத நூலாக்கி ஃபார்மால்டிஹைடுல பதப்படுத்துனா கரையாது, ஆனா தண்ணி மேல இருக்க ஆசை மட்டும் போகாது. மழை பட்டா நூல் ஈரத்த உறிஞ்சு உப்பும், உப்புனா நூலுக்கு நூல் இருக்க சந்து அடையும், அடைஞ்சா தண்ணி உள்ள போறது கொறையும். பிளாஸ்டிக் பூச்சு எதுவும் பூசாம துணியே தன்னால மழைக்கு கதவ சாத்திக்குது. கொட்டுற மழைக்கு தாங்கும்னு நெனச்சிராத, சாரலுக்கு தாங்கும். மெஷின்ல மட்டும் போட்டுறாத, சாயம் போயிரும், ஈரத்துணியும் பிரஷ்ஷும் போதும்.

உள்ள பூச்சு பூசுன நைலான் பை வேற கதை. நம்ம ஊர் புழுக்கத்துல அலமாரிக்குள்ள கேரி பேக்ல சுத்தி வெச்சா சில வருஷத்துல உள்பக்கம் பிசுபிசுன்னு ஆகி செதில் செதிலா உரியும் பாரு, ஈரக்காத்து அந்த பூச்சையே உடைச்சிருது. அதனால எந்தப் பையா இருந்தாலும் மூடி கட்டி வைக்காத, காத்தாட தொங்கவிடு. நைலான் துணில 500 டீனியர் 1000 டீனியர்னு போட்டிருப்பான்ல, அது ஒண்ணும் பெரிய சூத்திரம் இல்ல, 9000 மீட்டர் நூலோட எடை எத்தன கிராமோ அத்தன டீனியர். நம்ம மதுரை பெரியார் பஸ்டாண்டுல இருந்து திருப்பரங்குன்றத்த தாண்டி போற அளவு நூல் ஒரு கிலோ இருந்தா அது 1000 டீனியர். சின்ன பவுச்சுக்கு அவ்வளவு தடிமன் வேண்டவே வேண்டாம், 1000ல தைச்ச பர்ஸ் செருப்பு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும், மடங்காது. 200ல இருந்து 500க்குள்ள பாரு.

கடைல பைய கைல எடுத்ததும் வெளிய பாக்காத, உள்பக்கம் திருப்பு. துணி ஓரம் பிசிறு தெரியாம பைப்பிங், அதாவது மெல்லிசான பட்டைத்துணி, குடுத்து மூடியிருக்கான்னு பாரு. அப்புறம் தோள்பட்டை சேர்ற எடம். பை கிழியுறது துணில இல்ல, அங்கதான். அந்த எடத்துல சதுரமா தைச்சு நடுவுல குறுக்கா பெருக்கல் குறி போட்டிருப்பாங்க, இல்லனா நெருக்கமா கட்டை மாதிரி குறுக்குத்தையல் அடிச்சிருப்பாங்க, ரெண்டுல ஒண்ணு இருக்கணும், இழுவை ஒரே தையல்ல விழாம பரவும். நல்ல மஞ்சப்பைலயும் காதுல இதே பெருக்கல் குறி இருக்கும், கல்யாண வீட்டுல குடுக்குறதுல அது இருக்காது, அதான் ஒரு தேங்கா வெச்சதும் காது கையோட வந்துருது. 2021 டிசம்பர்ல அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம், ஆனா காது தையல மட்டும் யாராச்சும் கட்டாயமாக்குனா இன்னும் பல வருஷம் ஓடும்.

ஜிப் பத்தி ஒரே ஒரு விஷயம், இது உனக்கு கட்டாயம் உதவும். ஜிப்ப மூடுன பிறகு பின்னாடியே வாய பொளந்துக்கிட்டு வருதுன்னா பைய தூக்கி போட்டுறாத. பல்லு போகல, பெரும்பாலும் ரன்னரோட ரெண்டு தாடையும் தேஞ்சு அகண்டு போயிருக்கும். ரன்னர ஜிப் ஆரம்பிக்கிற எடத்துக்கே கொண்டு போ, சின்ன பிளேயரால ரன்னரோட பின்பக்கம், அதாவது பல்லு சேர்ந்து வெளிய வர்ற பக்கம், மேலயும் கீழயும் புடிச்சு லேசா ஒரு அழுத்து, இடப்பக்கம் ஒண்ணு வலப்பக்கம் ஒண்ணு. லேசா. ஒரேடியா நெறிச்சா ஒடஞ்சுரும், கொஞ்சம் அழுத்தி ஓட்டி பாத்து மறுபடி அழுத்து. நான் தெருல இருக்க புள்ளைங்க பை எல்லாத்தையும் இப்படித்தான் சரி பண்ணிக் குடுக்குறேன். ரன்னர் முதுகுல ஒய்கேகேன்னு எழுதியிருந்தா நல்லது, 1934ல டோக்கியோல ஆரம்பிச்ச கம்பெனி, இன்னைக்கும் நம்பி வாங்கலாம். ஜிப்ல நம்பர் கூடுனா பல்லு பெருசு, சின்ன பவுச்சுக்கு 3ம் நம்பர் போதும், தெனமும் தொறக்குற பைக்கு 5.

உன் கோன்கென்ல ஒரு கொறை இருக்கு, உள்ள பெரும்பாலும் ஒரே அறை. எனக்கு அது கொறையாவே தெரியல, ஏன்னா அறைய நீயே பவுச்சா உள்ள வெச்சுக்கலாம், வேணாங்குறப்ப எடுத்து வேற பைக்கு மாத்திக்கலாம். பட்டாளத்துல இதையே வேற விதமா பண்ணிருக்காங்க, அமெரிக்க ராணுவத்துல 90கள் கடைசில வந்தது, பை மேல ஒரு இஞ்ச் பட்டைய ஒரு இஞ்ச் இடைவெளி விட்டு வரிசையா வெச்சு ஒன்றரை இஞ்சுக்கு ஒரு தையல் போட்டிருப்பாங்க, அந்த அளவு எல்லாருக்கும் ஒண்ணுங்குறதுனால யார் செஞ்ச பவுச்சா இருந்தாலும் கோத்துக்கலாம். உனக்கு அதெல்லாம் வேண்டாம். ஆனா அவங்க முதலுதவி பவுச்ச மட்டும் பாத்து வெச்சுக்கோ, புத்தகம் விரியுற மாதிரி விரியும், கட்டுத்துணி கத்திரி எல்லாம் எலாஸ்டிக்ல நிக்கும், ஒண்ணு எடுத்தா அந்த எடம் காலியா பல்ல காட்டும், என்ன வாங்கணும்னு தேட வேண்டியதே இல்ல. நீ சைக்கிள்ல போற, அப்படி ஒண்ணு சிகப்பு கலர்ல வெச்சுக்க. பவுச்ச கலர் வெச்சு பிரி, சைஸ் வெச்சு பிரிக்காத. மாத்திரைக்கு சிகப்பு, சார்ஜருக்கு நீலம், காசு கார்டு பாஸ்போர்ட்டுக்கு மஞ்சள். உள்துணி எப்பவும் வெளிர் கலர்ல இருக்கணும், கருப்பு உள்துணிக்குள்ள கருப்பு வயர் விழுந்தா அவ்வளவுதான்.

கோன்கென் பட்டை மெல்லிசு, அதுல லேப்டாப், சாப்பாடு, மளிகைன்னு ஏத்திக்கிட்டு நடக்காத, தோள்ல வெட்டும். லேப்டாப்புக்குன்னு பட்டைல மெத்தை வெச்சு தனி மாடல் போடுறாங்க, தெனமும் தூக்குறதா இருந்தா அத வாங்கு, விலைய பாக்காத, நான் பாதி தர்றேன்.

புதுமண்டபத்துல இருந்த டெய்லருங்க இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டாங்கள்ல, அங்க ஒருத்தர்கிட்ட உனக்கு பவுச்சு தைக்க பேசிட்டேன். காடா துணி, வெளிர் மஞ்சள் லைனிங், 5ம் நம்பர் ஜிப் மூணு பக்கமும் சுத்தி வர்ற மாதிரி, சொன்னத சொன்னபடி தைக்கிறவரு. அப்பத்தா பாணில ரெண்டு நாடா சுருக்குப்பையும் ஒண்ணு சொல்லியிருக்கேன், அதுல நீ இயர்போன் போட்டுக்கோ. அம்மா பார்சல்ல பருப்புப்பொடியும் வைக்கணுங்குறா, அத ரெட்டை கவர்ல தனியா கட்ட சொல்லிட்டேன், பவுச்சு பக்கத்துல வர விட மாட்டேன். நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். உன் சார்ஜர், அந்த வயரு சுத்துனா வர்ற வட்டம், கண்ணாடி கூடு, மாத்திரை அட்டை, பவர் பேங்க் எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சு அளந்து நீளம் அகலம் தடிமன் செ.மீல எழுதி ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பு. குத்துமதிப்பா எழுதாத, தடிமன விட்டுறாத. திங்கக்கிழமை அவர் துணிய வெட்டுறாரு.

அப்பா