செல்லுலர் சிறையின் இடிக்கப்பட்ட கிளைகளைத் தரையில் அடையாளப்படுத்தவும் தமிழ் விளக்கம் அமைக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
இவ்வூர்த் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் சார்பில்,
ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்).

பெறுநர்:
மாண்புமிகு துணைநிலை ஆளுநர் அவர்கள்,
அந்தமான் நிக்கோபார் தீவுகள் நிர்வாகம்,
ஸ்ரீ விஜயபுரம்.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். செல்லுலர் சிறையைக் காண வருவோரில் பலர் முதலில் கேட்பது, தூக்குமேடை எங்கே, சாவர்க்கர் அடைபட்டிருந்த அறை எது என்பதைத்தான். ‘காலாபானி’ எனப்பட்ட இந்த அந்தமான் சிறைத் தண்டனையைப் பற்றிப் பாடநூல்களில் படித்தும் திரைப்படத்தில் பார்த்தும் வளர்ந்தவர்களுக்கு அந்த ஆவல் இயல்பானதே. ஆனால் அவ்விரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், இக்கட்டடம் மனிதரை எவ்வாறு வதைத்தது என்பதை அறியாமலே போகிறார்கள். சிறையின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இன்று கண்ணுக்குத் தெரியாததே இதற்குக் காரணம்.

1896-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட இச்சிறை, நடுவில் ஒரு காவல் கோபுரமும் அதிலிருந்து ஏழு திசைகளில் நீண்ட மூன்றடுக்குக் கிளைகளுமாக, பர்மாவிலிருந்து வந்த செங்கற்களைக் கொண்டு, கைதிகளின் உழைப்பிலேயே எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 690 அறைகள் இருந்தன, 13.5 அடி நீளமும் 7.5 அடி அகலமும் கொண்ட ஓர் அறைக்கு ஒருவர் மட்டுமே. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகை நோக்கி இருக்குமாறு கட்டியதால், கம்பிக் கதவருகே நின்ற கைதிக்கு எதிரே தெரிந்தது சுவர் மட்டுமே. செக்கிழுப்பும் சவுக்கடியும் வேறு சிறைகளிலும் இருந்தன. பல நூறு பேரை ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொருவரையும் தனியாளாக்கிய இந்த ஏற்பாடுதான் இச்சிறைக்கே உரிய கொடுமை என்று நாங்கள் கருதுகிறோம்.

ஜப்பானியர் ஆட்சியின்போதும் விடுதலைக்குப் பிறகுமாக நான்கு கிளைகள் இடிக்கப்பட்டன. முன்னாள் கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் எஞ்சிய மூன்றும் கோபுரமும் தப்பி, 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. எதிர்ச்சுவர் போய்விட்ட இடங்களில், இன்று அறை வாசலில் நிற்பவர் திறந்த வெளியையும் வானத்தையும் பார்த்து, காற்றோட்டமான இடம் என்றே எண்ணிவிடுகிறார். எங்களுக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்தச் சுவர்களை மீறி அக்கைதிகள் ஒன்றுபட்டார்கள் என்பதுதான் இவ்வரலாற்றில் தலையாயது. 1933 மே மாதத்தில் அவர்கள் தொடங்கிய உண்ணாவிரதத்தின்போது, வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தனர். 1937-இல் மீண்டும் உண்ணாவிரதம் நடந்தது. அதன் பின்னர் அரசியல் கைதிகள் படிப்படியாகத் தாயகம் அனுப்பப்பட்டு, 1938 ஜனவரியில் அப்பணி முடிந்தது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாதபடி கட்டப்பட்ட இடத்தில் இது நிகழ்ந்தது என்பதை உணர, ஏழு கிளைகளின் அமைப்பும் நேரில் தெரிந்தாக வேண்டும்.

ஆகவே, இடிக்கப்பட்ட நான்கு கிளைகளும் நின்ற தடத்தை, இடம் உள்ள அளவுக்கு, தரையில் கற்பட்டையாகப் பதித்து, ஒவ்வொன்றும் எத்தனை தூரம் நீண்டிருந்தது என்பதை அதே இடத்தில் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். 1963 முதல் இவ்வளாகத்தில் இயங்கிவரும் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையை அகற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் பிறந்ததே அங்குதான். மருத்துவமனைச் சுவரை ஒட்டிய நடைபாதையிலும் அக்கற்பட்டையைத் தொடர முடிந்தால் போதும்.

இவ்விளக்கங்கள் தமிழிலும் இடம்பெற வேண்டும். தமிழகத்திலிருந்து வருவோர் இங்குள்ள செக்கைக் கண்டதும் வ.உ.சி.யை நினைத்துக் கைகூப்புகிறார்கள். அவர் இங்குதான் செக்கிழுத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோரும் உண்டு. அவர் சிறைப்பட்டிருந்தது கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும். அந்த அன்புக்கு மதிப்பளித்து, உண்மையை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதி வைப்பது நிர்வாகத்தின் கடமை என்று நம்புகிறோம்.

கலை பண்பாட்டுத் துறையும் பொதுப்பணித் துறையும் இணைந்து பழைய வரைபடங்களைக் கொண்டு தடங்களை அளந்து குறிக்கவும், தமிழ் வாசகங்களை வரலாறு அறிந்தோர் சரிபார்த்த பின்னரே பொறிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)